குங்குமத்துக்கு அடியில் எரிந்த விளக்கு

என் கணவருக்கு அலுவலகத்தில், விவசாயிகளின் விவரங்களைப் பதிவதற்காக, சிலேட்டு போன்ற டேப்லட் கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்திருந்தார்கள். கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கே அது புதுசு. ஆயுத பூஜைக்கு மிக்ஸி முதல் ஸ்கூட்டர் வரை பொட்டு வைத்த நான் அதை விடுவேனா? ஓரத்தில் வரிவரியாக இருந்த இடத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மூலையில் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் பூஜையிலிருந்து எடுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பதறினார். "என்னடி, இம்புட்டு சூடா இருக்கு? அணைஞ்சும் போச்சு!"

சார்ஜரைச் செருகினார். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் விளக்கு எரியக் காணோம்.

"கொட்டாம்பட்டி விவசாயிக விவரம் அம்புட்டும் இதுலதான் இருக்கு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. "கொஞ்சம் இருங்க" என்று குங்குமத்தை முந்தானையால் துடைத்தேன். அடியில் ஆரஞ்சு விளக்கு சமத்தாக எரிந்துகொண்டிருந்தது! சந்தனம் அடைத்திருந்ததோ, சூடு வெளியேறும் துவாரங்களை. சுத்தம் செய்து ஆறவிட்டதும் திரைக்கு உயிர் வந்தது. விவரங்களும் பத்திரம்.

இப்போதெல்லாம் எந்தப் புதுச் சாமான் வந்தாலும், எந்த ஓட்டை எதற்கு, எந்த விளக்கு எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே டேப்லட்டைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, "ம், இப்ப வையி" என்று நீட்டினார்.