காகிதம் திணித்த பை

ஒரு பையின் எடை ஒன்றேகால் கிலோ என்று நாற்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்காதீர்கள். தாராவியில் என் பட்டறைக்கு வந்து பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நம்புவீர்கள். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய பைகளைத் தைக்கிறோம். தைத்து முடித்ததும் உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிடுவோம். இல்லாவிட்டால் பை தொய்ந்துபோகும், வாங்க வருகிறவர் முகமும் கூடவே தொய்ந்துபோகும். ஆக, என் தலைக்கு மேல் எந்நேரமும் நாற்பது பைகள் வயிறு புடைக்க, அடுத்த ரயிலில் இமயமலைக்குக் கிளம்பப் போவதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். எதை எடுத்துத் தோளில் மாட்டினாலும் பஞ்சு. பைக்குள் மனிதர்கள் காகிதத்தைத் தவிர வேறு எதையாவது வைப்பார்கள் என்பது பதினொரு வருடத் தொழிலில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு மலைக்குப் போவது என்றால் குற்றாலம். வேன் பிடித்து இருபது பேர், தலைக்கு எண்ணெய், பரோட்டாவும் கோழியும், திரும்பும்போது ஒருவருடைய செருப்பு காணாமல் போயிருக்கும். தனியாக மலைக்குப் போகிறவன் ஒன்று சாமியாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வனத்துறையில் வேலை பார்க்க வேண்டும். இங்கே வேறு மாதிரி. மழை ஓய்ந்த பிறகு சனிக்கிழமை விடியலில் தாதர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். நல்ல வேலையில் இருக்கிற பிள்ளைகள், காசு கொடுத்து, கஷ்டப்படுவதற்கென்றே, மலையடிவாரத்துக் கசாராவுக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதுகில் என் பைகள் இருக்கும். நான் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், என் பைகள் எனக்கு முன்னால் மலைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. பாவம், வீட்டில் சோறு போடவில்லை போல என்றுதான் நினைப்பேன்.

வம்பு மாட்டுங்காவில் தொடங்கியது. அங்கே ஒரு மாடியில் கேதகி என்ற மராத்திப் பெண் மலையேற்றச் சாமான்கள் கடை வைத்திருக்கிறாள். பட்டறையில் ஓடுகிற ஆறு மெஷினுக்கும் வேலை கொடுப்பது அவள்தான். அன்றைக்கு ஆறு பைகளைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். இரண்டு மணி நேரம் சுமந்தால் தோள் மரத்துப் போகிறதாம், வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்களாம்.

“காதர் பாய், நிஜத்தைச் சொல்லுங்க. இதை நீங்க ஒரு தடவையாவது சுமந்து பார்த்திருக்கீங்களா?” என்று இந்தியில் கேட்டாள்.

“எத்தனையோ தடவை” என்றேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். “எங்க திருநெல்வேலிப் பக்கம் இதே மலைதானே. ரெண்டு நாள் தனியாப் போய் மீன் பிடிச்சு, சுட்டுத் தின்னுட்டு வருவேன்.”

அவள் கண்கள் விரிந்தன. “சோலோவா? ஃபிஷிங்கா?”

சோலோ என்றேன். ஃபிஷிங் என்றேன். இரண்டு வாரம் கழித்து அதே பையைத் தூக்கிக்கொண்டு கசாராவுக்கு அப்பால் ஓர் ஏரிக்கு நான் தனியாகப் போவது, எங்கே வலிக்கிறது என்று வந்து சொல்வது, அதைச் சரிசெய்தால் இந்தப் பருவத்து நானூறு பையும் எனக்கே, இல்லாவிட்டால் மான்குர்தில் புதிதாக வந்திருக்கும் பட்டறைக்கு என்று முடிவாகிவிட்டது. படியிறங்கும்போதுதான் உறைத்தது. ஆறு மெஷினையும் ஒரு பொய்யில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மீனுக்கும் எனக்கும் உள்ள பழக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அண்ணன்மார்கள் குளத்தில் தூண்டில் போடும்போது மண்புழு இருந்த சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. புழு நெளிந்தால் சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதும் என் வேலைதான். தனிமைக்கும் எனக்கும் அந்தப் பழக்கம்கூட இல்லை. பதினாறு வயதில் பம்பாய்க்கு வந்து, பதினோரு பேர் படுத்திருந்த பட்டறைத் தரையில் பன்னிரண்டாவதாகச் சொருகிக்கொண்டவன். ஒருவர் புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். இன்றைக்கும் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தினால் இரண்டு நிமிடத்தில் யாராவது தட்டுவார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ரஹ்மத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“தனியாப் போயி என்ன செய்வீய?”

“சும்மா இருப்பேன்.”

“அத இங்கயேதானே செஞ்சிக்கிட்டு இருக்கிய.”

பட்டறையில் கட்டிங் மாஸ்டர் செல்வராஜிடம் சொன்னேன். நாங்குநேரிக்காரன், என்னோடு அதே தரையில் புரண்டவன். அவன் பார்த்துக்கொண்டிருக்க, நான் உத்தரத்திலிருந்து ஒரு பையை இறக்கி மாட்டிக்கொண்டு, நைன்டி ஃபீட் ரோடு வழியாகச் சயான் ஸ்டேஷன் வரை வீறுநடை போட்டுத் திரும்பி வந்தேன். வியர்வைகூட இல்லை. “இதுக்குப் போயி தோளு வலிக்குன்னு அழுவுதானுவ. பால் குடிக்கிற பிள்ளைய” என்றேன். செல்வராஜ் பையை வாங்கினான். காகிதத்தை எல்லாம் உருவி எறிந்தான். கேதகி கொடுத்த சாமான் பட்டியலைச் சத்தமாக வாசித்தான்: கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, நாலு லிட்டர் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிப் ரோலையோ ரெக்சின் சுருளையோ உள்ளே இறக்கினான். தராசில் வைத்தான். பதினாலு கிலோ.

“இப்பப் போடுங்க பாய்.”

போட்டேன். அப்படியே பின்பக்கமாகக் கட்டிங் மேஜைமேல் சாய்ந்து, கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கையும் காலும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அந்தப் பட்டறையில் கரண்ட் போகாமல் அப்படி ஓர் அமைதி வந்ததே இல்லை.

“திருநெல்வேலியில மீன் இவ்வளவு கனமாட்டா இருக்கும் பாய்?” என்றான் செல்வராஜ்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்தது பயம். சிறுத்தையைப் பற்றிப் படித்தேன், பாம்பைப் பற்றிப் படித்தேன், படித்ததை எல்லாம் நினைத்துக்கொண்டு படுத்தேன். மடக்குகிற தூண்டில் ஒன்று வாங்கி, பரண் ஜன்னல் வழியாக வீசிப் பழகினேன். முதல் வீச்சிலேயே எதிர்ப் பட்டறையில் காய்ந்துகொண்டிருந்த போர்வை மாட்டிக்கொண்டது. பிறகு முட்டி வலி என்று சொல்லிப் பார்த்தேன்.

“எந்த முட்டி பாய்?” என்றான் செல்வராஜ். “முந்தாநேத்து எடதுன்னு சொன்னிய, இன்னைக்கு வலத நொண்டுதிய.”

ஏரிக்கரையில் கூடாரம் போடவும் தூண்டில் போடவும் அந்த ஊர் நாம்தேவ் என்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேதகி எண் கொடுத்திருந்தாள். பேசினேன். அவருடைய இந்தியில் பாதி மராத்தி, என்னுடையதில் பாதி தமிழ்.

“கித்னே ஆத்மி?” என்றார், எத்தனை பேர் என்று. நான் மட்டும் என்றேன். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்றார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். சாப்பாடு எத்தனை பேருக்கு என்றார். எனக்கு மட்டும், அதையும் நானே சமைப்பேன் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? வியாபாரம் எப்படி? நீந்தத் தெரியுமா?” என்று கேட்டார். அக்கறையான மனிதர் என்று நினைத்தேன். பாதுகாப்புக்காக வீட்டு எண் வேண்டும் என்றார். கொடுத்தேன். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ரஹ்மத்துதான் நடுநடுவே, “அங்க காத்து ஜாஸ்தியாம், குல்லா எடுத்துக்கிடுங்க” என்று ஏதோ வானிலை அறிக்கை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

கிளம்புகிற காலையில் அவள் ஒரு டிபன் டப்பாவைப் பைக்குள் இறக்கினாள். திறந்து பார்த்தேன். சீலா மீன் வறுவல்.

“மீன் பிடிக்கப் போறவனுக்கு மீனா கட்டுத?”

“புடிச்சா இத வெளிய போட்டுருங்க” என்றாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கசாராவில் இறங்கி, ஷேர் ஜீப்பில் ஏறி, கடைசி நிறுத்தத்திலிருந்து நடந்தேன். ஒரு மணி நேரம் ஏறியிருப்பேன். வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேதகியின் வாடிக்கையாளர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு பாறையில் பையை இறக்கி, பதினொரு வருடத்தில் முதல்தடவையாக, நிறைந்த பையின் முதுகைப் பார்த்தேன். தோள்வார் மேலே மிக உயரத்தில் தைக்கப்பட்டிருந்தது. காகிதம் திணித்த பைக்கு அந்த இடம் சரி. காகிதம் எதையும் பின்னால் இழுக்காது. சாமான் இழுக்கும். அந்த அளவைக் குறித்துக் கொடுத்தது செல்வராஜ் இல்லை, நான்.

சட்டைப்பையில் குத்தூசியும் மெழுகு நூலும் இருந்தன. தூண்டிலை மறந்தாலும் அதை மறக்கிற கை இல்லை இது. தையலைப் பிரித்து, வாரை மூன்று விரற்கடை கீழே இறக்கி, கையாலேயே தைக்கத் தொடங்கினேன். யாரும் கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை, மெஷின் ஓடவில்லை. நூல் துணிக்குள் போகிற சத்தம் எனக்குக் கேட்டது. நூலுக்குச் சத்தம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. தனிமை என்பது இதுதானா, பரவாயில்லையே என்று நினைத்த நேரத்தில் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஐம்பதடி தள்ளி ஒரு மரத்தடியில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஜீப் நிறுத்தத்திலிருந்தே பின்னால் வந்திருக்கிறார்.

“தைங்க, தைங்க. அவசரமில்ல” என்றார். போனில் கேட்ட குரல்: நாம்தேவ். “உங்களுக்குத் தெரியாம வரச்சொல்லி வஹினி சொன்னாங்க.” வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. என் ரஹ்மத்து எப்போது இவருக்கு அண்ணியானாள்?

எதற்கு இந்தக் காவல் என்று கேட்டேன். தூரத்தில் தெரிந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தனியா வர்றவங்க எல்லாரும் இங்க மீன் பிடிக்க வர்றதில்ல, பாய். சிலர் திரும்பிப் போறதும் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அன்றும் மறுநாளும் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். சீலா மீன் வறுவலை இருவரும் தின்றோம். அவர் முள்ளைச் சப்பிவிட்டு, “எந்த ஏரி மீன்?” என்றார். தாராவி மார்க்கெட் என்றேன்.

கிளம்பும்போது ஒரு நோட்டை நீட்டினார். வருகிறவர்கள் எழுத வேண்டுமாம். பெயர், காவ், கையெழுத்து. காவ் என்றால் ஊர். மும்பையில் எந்தப் படிவத்திலும் இதற்கு இரண்டு கட்டம் இருக்கும். சொந்த ஊருக்கு ஒன்று, இப்போதைய விலாசத்துக்கு ஒன்று. முப்பத்து மூன்று வருடமாக யோசிக்காமல் நிரப்பி வந்திருக்கிறேன். ஊரில் போய் நின்றால் பம்பாய்க்கு எப்போ கிளம்புறே என்பார்கள், இங்கே எல்லாரும் ஊருக்கு எப்போ போறே என்பார்கள், இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியும். இந்த நோட்டில் ஒரே ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டையும் எழுதினேன்.

நாம்தேவ் வாங்கிப் பார்த்தார். “ரெண்டு பேரா?”

“ஒருத்தன்தான்.”

“தனியா வர்றேன்னுதானே போன்ல சொன்னீங்க” என்றார், இன்னும் சந்தேகம் தீராமல்.

நடந்தது இவ்வளவுதான். மீன் ஒன்றும் சிக்கவில்லை. வார் மூன்று விரற்கடை இறங்கியது, நானூறு பையும் எங்களுக்கே வந்தது, செல்வராஜ் இப்போது உத்தரத்தில் தொங்கும் பைகளில் ஒன்றில் மட்டும் காகிதத்துக்குப் பதிலாகப் பதினாலு கிலோ ரெக்சினை வைத்திருக்கிறான், எது என்று என்னிடம் சொல்வதில்லை. அந்த நோட்டில் நான் இன்னும் இரண்டு பேராக இருக்கிறேன்.