சர்வீஸ் போர்டு

கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. மாணவர்களுக்கு அவள் ‘ஸ்பைரல் அக்கா’. புராஜெக்ட் கொடுக்கும் கடைசி நாளன்று கடை முன் கூட்டம் அலைமோதும். “இத்தனை நாள் என்ன பண்ணீங்க?” என்று கேட்டபடியே தாள்களில் துளை போடுவாள்.

நான்கு வருடம் முன்பு ஒரு பொய்யைப் பலகையில் எழுதி மாட்டினாள். கடைசித் தேதியைப் போட்டு, அன்று மெஷின் சர்வீஸ் என்று. அந்த வருடம் பாதிப் பேர் முந்தைய நாளே வந்தார்கள். பிறகு குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் பழக்க தோஷத்தில் வருடந்தோறும் மாட்டினாள்.

இந்த வருடம் அவளுக்கும் அதுவே கடைசி நாள். தபால்வழிப் பட்டப்படிப்பின் புராஜெக்ட், நாற்பது பக்கம். ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். அன்று ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடப் படிப்பும் வீண். மெஷின்தான் கையருகே இருக்கிறதே என்று அச்சடிப்பதை அன்றுவரை தள்ளிப்போட்டிருந்தாள்.

காலையில் வந்தபோது மெஷின் பிரிந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குள் கையை விட்டபடி மெக்கானிக்.

“நீதானம்மா போர்டு போட்டிருந்த?” என்றார் போன மாதம் கடையை வாங்கிய புது முதலாளி. “அதான் இன்னிக்கே வரச் சொல்லிட்டேன்.”

அவள் கையிலிருந்த பென்டிரைவைப் பைக்குள் போட்டாள்.

பதினொரு மணிக்கு முடியும் என்றார் மெக்கானிக். பிறகு ஒரு மணி என்றார். அவள் காத்திருந்தாள். “அக்கா, இந்தத் தடவை மெஷினையே பிரிச்சுப் போட்டு செட்டிங்கெல்லாம் பிரமாதம்,” என்றான் ஒரு மாணவன். நிஜம் என்று தெரிந்ததும் கூட்டம் பேருந்து நிலையக் கடைக்கு ஓடியது. மூன்று மணிக்கு அவளும் போய் அதே வரிசையின் கடைசியில் நின்றாள்.

“கடைசி நாள்ல வந்து நிக்கிறீங்களே, இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க?” என்றார் கடைக்காரர். முன்னால் நின்ற மாணவி திரும்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

அவள் பென்டிரைவை நீட்டினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தபால்வழிக் கல்வி அலுவலகத்தில் அவள் புராஜெக்டின் மேல் முத்திரை விழுந்தது. எழுத்தர் அட்டையைக்கூடப் பார்க்காமல் கட்டோடு கட்டாகப் போட்டார்.

கால் கடுக்கத் திரும்பி வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மாணவி மட்டும் காத்திருந்தாள். “புராஜெக்ட் வாங்குற சார் ஆறு மணி வரைக்கும் இருப்பாராம்க்கா.”

அவள் பலகையைக் கழற்றி மேசைக்கடியில் போட்டாள். தாள்களை வாங்கித் தட்டி அடுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.