வலது கையுறை

பதக்காரர் கடைக்கு எதைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரு கேள்வி வரும். "இதுல எதைத் தொடக் கூடாது?" பழுது பார்க்க வந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். தொடாமல் எப்படிப் பழுது பார்ப்பதாம்? அவர் சிரிக்க மாட்டார். பதில் வரும்வரை சாமானைக் கையில் வாங்கவும் மாட்டார்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. விறைத்துக் கட்டையாகிப்போன தோல்பை, செருப்பு, இடுப்புவார், எதுவானாலும் பறித்துக்கொள்ளாத குறைதான். தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, விரல் நுனியில் எண்ணெய் தொட்டுத் தடவி, ஒருநாள் ஊறவிட்டுப் பிசைய ஆரம்பிப்பார். வெயிலில் காட்ட மாட்டார், அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டார். அவசரப்பட்டால் தோல் வெடித்துவிடும். "பதம் வந்துடுச்சு" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அதைக் கைக்குட்டையாய் மடிக்கலாம். பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பை வாரைக்கூடத் தன்னையறியாமல் பிசைந்துகொண்டே வருவார். "என்னைக்காவது ஒருநாள் நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

அவருடைய அண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். அடுத்த வருடம் அண்ணி கடைக்கு வந்தார். தோளில் பை தொங்கியது. ஆனால் அண்ணனுடைய வலது கையுறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். வெல்டிங் கம்பியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து விறைத்திருந்த அது பைக்குள் நுழையவில்லை. கட்டைவிரல் பக்கம் தையல் பிரிந்திருந்தது.

"தையல் மட்டும் போட்டுக் குடுங்க தம்பி. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

கொழுந்தனாருக்கு எதற்குச் சிரமம் என்று அண்ணி கூச்சப்படுகிறார். இவர் புரிந்துகொண்டது அவ்வளவுதான். சொந்த அண்ணன் சாமானைக் கட்டையாகவே திருப்பிக் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? தையலைப் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! எண்ணெய் தடவினார், ஊறவிட்டார், பிசைந்தார். மற்ற விரல்கள் வழிக்கு வந்துவிட்டன. ஆள்காட்டி விரல் மட்டும் ஆணி அடித்ததுபோல நேராக நின்றது. "உன்னை விடறேனா பாரு" என்று அந்த ஒரு விரலோடு அந்த வாரம் முழுக்க மல்லுக்கட்டினார். கடைசியில் அதுவும் மடங்கியது. பெருமை தாங்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி முன்னால் ஆட்டிக் காட்டினார்.

மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு அவரையே பார்த்தார். "அண்ணி தையல்தானே போடச் சொன்னாங்க?"

"அது கிடக்குது. துணி மாதிரி ஆயிடுச்சு பாத்தியா?"

"அய்யோ, இது அப்படியே அவரு கை மாதிரியே இருந்துச்சேங்க! நான் போறப்பல்லாம் பாப்பேன். இதுக்குள்ள கைய விட்டுக்கிட்டுதான் அண்ணி டிவி முன்னாடி உக்காந்திருப்பாங்க."

பதக்காரரின் முகம் செத்துவிட்டது. அன்று ராத்திரி தட்டில் போட்டதை அளைந்தாரே தவிர, வாய்க்குள் எதுவும் போகவில்லை.

"தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. அண்ணி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார் மனைவி.

அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. ஊர்ச் சாமானையெல்லாம் சரிசெய்கிறவன் அண்ணன் சாமானைக் கெடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வெட்கம் அவரை இன்னும் மோசமான ஒரு காரியத்தில் கொண்டுபோய் விட்டது. மறுநாள் காலை கையுறையை நனைத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு, சுத்தியல் பிடியை இறுகப் பிடித்தபடி காயும்வரை கடையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பி கைதானே, ஒரே அச்சாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். யாராவது வந்தால் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தார். அந்த நேரம் தன்னை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. கையுறை காய்ந்தபோது அழகாகத்தான் வளைந்திருந்தது, பழைய விறைப்புதான் திரும்பி வரவில்லை.

அண்ணி வந்தார். தையலைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கையை உள்ளே விட்டார். அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாய் உள்ளே இடம் தேடுவது வெளியே தெரிந்தது. ஆள்காட்டி விரலுக்கு வந்ததும் நின்றது.

"இந்த விரலும் மடங்குதே தம்பி."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அண்ணனுக்கு அந்த விரல் சின்ன வயதிலிருந்தே மடங்காது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரையோ குற்றம் சொல்வதுபோல நீட்டிக்கொண்டே நிற்கும். "ஜட்ஜய்யா தீர்ப்பு சொல்றாரு" என்று கிண்டல் பண்ணி, அந்தப் பெயரை வீடு, பள்ளிக்கூடம், தெரு எல்லாம் பரப்பியதே இவர்தான். கல்யாணமாகும்வரை ஒரே கட்டிலில் அந்த விரல் விலாவில் குத்தக் குத்தத் தூங்கியவர். அந்த விரலைத்தான் தோலின் முரண்டு என்று நினைத்து ஒரு வாரம் பிசைந்திருக்கிறார்.

"அண்ணி, நான்..."

கையுறைப் பக்கம் நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"விடுங்க தம்பி. தையல் நல்லா உறுதியா இருக்கு."

திட்டியிருந்தால் தேவலை. பதக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேசையையே பார்த்தார்.

அண்ணி கையை வெளியே எடுத்தார். கையுறையை இரண்டாக மடித்தார். அது சொன்னபடி மடங்கியது. தோளில் தொங்கிய பைக்குள் அதை வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, "வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.