வீட்டுக்கு ரெண்டு டீ காசு கேட்டவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஊராட்சிச் செயலரிடமிருந்து போன் வந்தது. "சார், தலைவரம்மா தவறிட்டாக. காப்பி குடிச்சுட்டு உக்காந்தவுக எந்திரிக்கல" என்றார். காய் வாங்காமலே பஸ் ஏறினேன்.

ராஜபாளையம் போகும் பாதையில் இருக்கும் அந்த ஊரின் முன்னாள் ஊராட்சித் தலைவர் ரெங்கநாயகி அம்மாளை உங்களில் அநேகருக்குத் தெரியும். ஒன்றிய அலுவலகத்தில் நான் கணக்குப் பார்த்த காலத்தில் அவரால் எனக்கு வந்த தலைவலி கொஞ்சமல்ல. வாரத்தில் ஒருநாளாவது வந்து நின்றுவிடுவார். வராத வாரம் அலுவலகமே சப்பென்று இருக்கும்.

நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு தலைவரானவர் அவர். சம்பளம் என்றால் தேதிக்கு வர வேண்டும், வேறு பேச்சே கிடையாது. வீடு வீடாகக் குப்பை வாங்கிப் பிரிக்கும் தூய்மைக் காவலர்களுக்கு மேலிருந்து ஒரு சிறு தொகை வரும். பிரித்த பிளாஸ்டிக்கை விற்று மீதியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. நானும் அதை அவருக்கு விளக்கினேன். மறுநாள் ஒரு சாக்கோடு வந்து என் மேசைக்கு முன்னால் கவிழ்த்தார். பால் கவர், ஷாம்பு பாக்கெட், குழந்தைகளின் டயப்பர்.

"இதுல எதை விக்கச் சொல்லுதிய?"

அட்டை, பாட்டில், இரும்பு எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களே பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அவர் சீந்தாததுதான் ஊராட்சி வண்டிக்கு வருகிறது. "அவுக பொருள அவுக விக்காக, தப்பில்ல. ஆனா அந்தப் பிள்ளைகள, சம்பளத்தக் குப்பையில தேடச் சொல்லாதிய சார்" என்றார். அறை முழுக்க நாறியது. எனக்குக் கோபம்கூட வந்தது. அவரோ கீழே உட்கார்ந்து அத்தனையையும் திரும்பச் சாக்கில் அள்ளிவிட்டு, "ஒரு டீ சொல்லுங்க சார்" என்றார்.

பொது நிதியிலிருந்து கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் அதே நிதியில்தான் ஓடுகின்றன. மோட்டார் எரிந்துபோனால் குப்பை வண்டியின் பேட்டரி காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு மறியல் நடக்கும். குப்பை எடுக்காவிட்டால் யாரும் ரோட்டுக்கு வருவதில்லை, ஓடையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஆகவே வீட்டுக்கு மாதம் ஒரு கட்டணம் என்று முடிவு செய்தார். "ரெண்டு டீ காசு, அம்புட்டுத்தான்" என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார். கணிசமான பேர் சரி என்றும் சொல்லிவிட்டார்கள். கிராம சபைப் பந்தலில் தீர்மானம் வைத்த அன்றுதான் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "அம்மன் கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி ஒரு வீடு விடாமக் குடுக்கோம்லா? அதே மாரி இதையும் எழுதிருவோம்."

வருடா வருடம் அந்த வரியை வசூலிக்கும் பெரியவர் சுப்பையா எழுந்தார். "ஆத்தாளுக்குக் குடுக்கதும் குப்பைக்குக் குடுக்கதும் ஒண்ணாம்மா?"

ஊரில் யாரும் ஏமாற்றாத காசு கோயில் வரிதான், அதைப்போல நாணயமாக இதுவும் நடக்கட்டும் என்றுதான் தலைவரம்மா சொல்ல வந்தார். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? சரி என்று சொன்னவர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். தீர்மானம் விழுந்தது. உங்களில் சிலரும் அந்தப் பந்தலில் இருந்தீர்கள்.

தூய்மைக் காவலராக இருந்த முத்துமாரி சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மில் வேலைக்கு வேன் ஏறிவிட்டாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. பேட்டரி வண்டி தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றுபோனது. பதவிக்காலம் முடிந்த பிறகு நான் பார்க்கப் போகும்போதெல்லாம் தலைவரம்மா இதையேதான் சொல்வார்: "வேற எதச் சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும் சார். என் வாய் சும்மா இருந்துச்சா?" அப்படியில்லை அம்மா, கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று எத்தனையோ முறை சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டே போய்விட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரை எடுத்துப்போன பிறகு தெரு முழுக்கப் பேப்பர் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் மாலையிலிருந்து உதிர்ந்த ஜிகினாவும் கிடந்தன. மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த முத்துமாரி குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த சுப்பையா அவளிடம் போனார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"வச்சுக்கம்மா."

"இத அவுக இருக்கையில குடுத்திருக்கணும் பெரியப்பா" என்றாள் அவள், நிமிராமலே. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் பெரியவர் நின்றார்.

தலைவரம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, வெட்கப்படாமல் வாசலில் நின்று கேட்கும் குணம். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளிவரும் பெண்ணுக்காக இந்த மாதம் வீடு வீடாகப் போனேன். சிலர் கொடுத்தார்கள். சிலர் சில்லறை இல்லை என்றார்கள். ஒரு வீட்டில், உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறக்கவேயில்லை. நானும் நகரவில்லை. இன்னொரு தரம் மணியை அடித்தேன்.