மணல் லாரியில் வந்த நோயாளி

அடையாறில் அந்தக் கால்நடை மருத்துவரின் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். அண்ணாவின் மடியில் ஒரு தலையணை உறை. அதன் வாயை நாடாவால் கட்டியிருந்தோம். அடிப்பக்கம் ரத்தம் ஊறி அவன் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பொமரேனியன் தொண்டை கிழியக் குரைத்தது.

"இன்னாம்மா கீது உள்ள? பூனையா?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

"பாம்பு."

"பாம்பு கட்ச்சிச்சா? அதுக்குப் பெரியாஸ்பத்திரிக்குல்ல போணும். இங்க நாய்க்குத்தான் பாப்பாங்க."

"யாரையும் கடிக்கலை. பாம்பைத்தான் எலி கடிச்சிருக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்ல உள்ளே போனார். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தப் பெஞ்சைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது.

சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட ஓர் உயிரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் உங்களில் இருப்பார்கள். அது பாம்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள். நடந்ததை நடந்தபடி சொல்வேன், அவ்வளவுதான்.

பாம்பு என்னுடையது அல்ல, என் அண்ணா ரகுவுடையது. அவன் தேனாம்பேட்டையில் ஒரு வங்கியில் குமாஸ்தா. அவனும் அவன் மனைவியான மன்னியும் நானும் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் இருந்தோம். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் வீடு வீடாக இடித்து ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்கு வந்த மணல் லாரியில் இது வந்தது. மண்ணுளிப் பாம்பு, விஷமில்லாதது, முழங்கைப் பருமன். வேலையாட்கள் மண்வெட்டியை ஓங்கியபோது அண்ணா குறுக்கே பாய்ந்து வாளியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நாள் முழுக்க மணலுக்குள் புதைந்து தூங்கியதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தான்.

மன்னிக்கு ஒரே பயம். "அது நக்கினா குஷ்டம் வரும்னு சொல்லுவா" என்று அந்த அறைப்பக்கமே போக மாட்டாள். வீட்டில் பாம்பு வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு. எங்களுக்கும் அது தெரியாமல் இல்லை. நீங்கள் செய்யாதீர்கள்.

அதன் ஆகாரத்துக்கு அண்ணா கண்டுபிடித்த வழியை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோய் அங்கேதான் பிறந்தது. எங்களைப் போன்ற வீடுகளில் பொறியில் விழுந்த எலியைக் கொல்வதில்லை. கூண்டோடு தூக்கிப் போய் அடுத்த தெருவில் விட்டுவிட்டு வருவோம். அடுத்த தெருக்காரர்கள் எங்கள் தெருவில் விடுவார்கள். அண்ணா அதைக் கொஞ்சம் திருத்தினான். எலியை உயிரோடு மேனேஜரின் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, மூடியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். "நாம கொல்லலை, அவன் சாப்பிடறான்" என்பான். பாவம் பாம்பின் கணக்கில், புண்ணியம் எங்கள் கணக்கில்.

கார்த்திகை முடியும்போது மேனேஜர் எலியைத் தொடவில்லை. கண் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. சட்டை உரிப்பதற்கு முன்பு பாம்புக்குக் கண் அப்படித்தான் ஆகும், பார்வை மங்கும், பசிக்காது. எங்களுக்கு அது தெரியாது. "பசிச்சா தானே சாப்பிடுவான்" என்று மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா ஒரு கொழுத்த எலியை உள்ளே விட்டான். பிறகு மூவரும் காலைக் கச்சேரிக்குப் போனோம். சபா கேண்டீனில் இலை போட்டுச் சாப்பிட்டோம். மத்தியானக் கச்சேரியையும் கேட்டுவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம்.

மூடியைத் திறந்ததும் வீச்சம் முகத்தில் அடித்தது. எலி ஒரு மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதன் முகமெல்லாம் சிவப்பு. மேனேஜர் மணலுக்கு மேலே நீளமாகக் கிடந்தான். தலைக்கு ஒரு சாண் கீழே முதுகில் தோல் இல்லை, சதையும் இல்லை. விலா எலும்பு நுனிகள் சீப்புப் பல்லாக வெளியே தெரிந்தன. செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அப்போது நாக்கை நீட்டினான்.

அண்ணா விசும்பி விசும்பி அழுதான். அழுதுகொண்டே அந்த எலியைப் பொறிக்குள் ஓட்டி, எடுத்துப் போய், அடுத்த தெருவில் விட்டுவிட்டு வந்தான். வந்தவனை வாசலிலேயே கன்னத்தில் அறைந்தேன். என்னைவிட மூத்தவன், ஐம்பதை நெருங்குகிறவன். என் விரல்கள் அவன் கன்னத்தில் பதிந்தன. மன்னி "பத்மா!" என்று அலறினாள்.

என் கோபம் அவன் மேல் மட்டுமல்ல. வாய் நிறையப் பல், உடம்பு முழுக்க பலம். இருந்தும் தன்னைத் தின்ன விட்டுக் கிடந்திருக்கிறானே இந்தப் பாம்பு! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் உறையைத் திறந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "உண்மையைச் சொல்றேன். பாம்பை நான் படிக்கிறப்ப பாட்டில்லதான் பார்த்திருக்கேன்" என்றார். கிண்டியில் பாம்புகளைப் பற்றித் தெரிந்த ஒரு நண்பருக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்தார். கம்பவுண்டர் தலைப்பக்கம் பிடிக்க மறுத்ததால் நான் பிடித்தேன். சலைன் (உப்புநீர்) பீய்ச்சிப் புண்ணைக் கழுவினார். நெக்ரோசிஸ் (சதை செத்து அழுகுதல்) தொடங்கிய விளிம்புகளைக் கத்தரியால் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் உடம்பு என் கைக்குள் முறுக்கிக்கொண்டது. பாம்பு கத்துவதில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆன்டிபயாடிக் (கிருமிக் கொல்லி) ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டும் என்றார். பின்பாதியில் போட்டால் மருந்து வேலை செய்வதற்கு முன்பே சிறுநீரகம் வழியாகப் போய்விடுமாம். மணலை எடுத்துவிட்டுத் தொட்டியில் செய்தித்தாள் விரிக்கச் சொன்னார். சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு. கடைசியாக, "புண்ணு ஆறிடும். ஆனா சாப்பிட்டாத்தான் ஆறும்" என்றார்.

மேனேஜர் சாப்பிடவில்லை. தை வந்தது, போனது. புண் ஓரங்களில் கறுப்பாகக் காய்ந்து சுருங்கியது. உடம்பும் கூடவே சுருங்கியது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பி, இரண்டு பக்கமும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கஷெக்ஸியா (உடல் தன் சதையையே கரைத்துப் பிழைக்கும் நிலை) என்றார் டாக்டர். குழாய் வழியாக முட்டையை அடித்து ஊற்றச் சொன்னார்.

முட்டை என்றதும் மன்னி பொங்கிவிட்டாள். "எலி வந்தது, பாம்பு வந்தது, பொறுத்துண்டேன். முட்டை ஆத்துக்குள்ள வந்தா நான் எங்கம்மா ஆத்துக்குப் போயிடுவேன்" என்றாள். நான் ஒரு முட்டையை அவள் கண் முன்னாலேயே முற்றத்துத் தூணில் தட்டி உடைத்தேன். அவள் போகவில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

ஊட்டுவது என்று இதற்குப் பெயர். ஊட்டலில் இருக்கும் அன்பு எதுவும் இதில் இல்லை. முழங்கால்களுக்கு நடுவே உடம்பை இடுக்கிக்கொண்டு, தாடை ஓரத்தில் ஐஸ்கிரீம் குச்சியை நெம்பி, குழாயைத் தொண்டைக்குள் தள்ளுவேன். அண்ணா சிரிஞ்சை அழுத்துவான், கண்ணை மூடிக்கொண்டு. பாதி வெளியே வரும். நான் திட்டுவேன். மாசியில் ஈறு வீங்கி, மஞ்சளாகச் சீழ் கட்டியது. ஸ்டொமாடைட்டிஸ் (வாயின் உள்தோல் அழற்சி). நாங்கள் நெம்பி நெம்பியே வரவழைத்த புண். வாய் திறந்தபடி அவன் கிடந்ததைப் பார்த்து டாக்டர் குழாயை நிறுத்தச் சொன்னார்.

"இனி அவனா எடுத்தாத்தான் உண்டு. எலியைக் கொன்னு, வெந்நீர்ல சூடு காட்டி, மூக்குக்கு முன்னாடி ஆட்டுங்க. உயிரோட எக்காலத்திலும் வேண்டாம். இப்படியே போனா இன்னும் ஒரு மாசம் தாங்கினா அதிகம்."

பொறியில் எலி விழுந்திருந்தது. புழக்கடையில் அண்ணா அதைச் சாக்குக்குள் தட்டினான். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"பத்மா, என்னால முடியலைடி. அப்பாவுக்கு ஸ்ராத்தம் பண்ற கைடி இது."

"அப்ப அவ கை மட்டும் என்ன?" என்று மன்னி சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள். அதுதான் அவள் இரண்டு வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு, அதுவும் எனக்காக.

"குடு அண்ணா" என்று சாக்கை வாங்கினேன். புடவை துவைக்கிற அதே வீச்சில் சுழற்றி, துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தேன். அது சாகவில்லை. கீச்சென்று கத்தியது. இன்னொரு அடி. சாக்குக்குள் ஏதோ உடைவது கைக்குத் தெரிந்தது. அது அடங்கிய பிறகும் நான் அடித்தேன். எத்தனை என்று சொல்லத் தெரியாது. அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தோள் லேசாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு நான் ஸ்கேலைத் தொடவில்லை. மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், வகுப்பில் வாய் குறையவே இல்லை. என் கை எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான்.

அந்த எலியை மேனேஜர் முகரக்கூட இல்லை. அடுத்ததையும், அதற்கு அடுத்ததையும்தான். ஒவ்வொன்றாகக் காக்கைக்குப் போயிற்று. வாய்ப்புண் மட்டும் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. அண்ணா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ராமநாமம் சொல்லத் தொடங்கினான். "சாகறவனுக்குச் சொல்றதை இப்பவே சொல்லாதே" என்று கத்தினேன். எனக்கும் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

நோய் எந்த நாளில் முடிந்தது என்று யாராவது கேட்டால் நான் ஒரு பங்குனிப் பிற்பகலைத்தான் சொல்வேன். மேனேஜர் எலியை விழுங்கியது அதற்கு மறுவாரம்தான். அண்ணா அவனைத் திருப்போரூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் விட்டுவிட்டு வெறும் வாளியோடு வந்தது அதற்கும் வெகு நாள் கழித்து.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. வீடே வெந்துகொண்டிருந்தது. எலியை இடுக்கியில் பிடித்து ஆட்டி ஆட்டிக் கை சலித்துவிட்டது. எலியை உள்ளேயே போட்டுவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க வெறுங்கையை நீட்டினேன். என் கையில் எலி வாசனையும் வெந்நீரின் சூடும் இருந்திருக்கும். அவன் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பற்கள் ஊசி ஊசியாக இறங்கின. அடுத்த கணம் அவன் உடம்பு முழுவதும் என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

"அண்ணா! கடிச்சுட்டான்!"

அண்ணா ஓடி வந்தான். "ஐயோ, அசையாதே. இரு, தலைல தண்ணி ஊத்தினா விட்டுடுவான்."

"ஊத்தினே, உன்னைக் கொன்னுடுவேன்."

"ரத்தம் கொட்டறதுடி!"

"கொட்டட்டும். பிடியைப் பாரு அண்ணா. பாரேன், என்ன பிடி பிடிக்கறான்!"

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது மன்னி என் கன்னத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. அந்த அறைக்குள் அவள் வந்ததே அன்றைக்குத்தான்.

தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. இரையின் அசைவு நிற்கும்வரை இந்தப் பாம்பு இறுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மணிக்கட்டில் நாடி ஒரு முறை துடிக்கும், அவன் ஒரு பிடி இறுக்குவான். மறுபடி துடிக்கும், மறுபடி இறுக்குவான். ஆறி வழவழத்த புண்ணின் தழும்பு என் தோலின் மேல் புடைத்து அழுந்தியது. அதுவரை எனக்கு நாடி என்று ஒன்று இருப்பதே நினைவில் இருந்ததில்லை. கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. என்னைக் கொல்ல அவன் தன் முழு பலத்தோடும் முயன்றுகொண்டிருந்தான். அந்த பலம் அவனுக்கு வந்துவிட்டிருந்தது.