முதுகில் ரொட்டி, எதிரே பெயர்ப்பலகை

ரொட்டிக்கடையை விட்டு வெளியே வந்ததும் அர்மேல் செய்கிற முதல் வேலை, தன் ரொட்டியின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வது. மற்ற நான்கு ரொட்டிகளின் நுனியைத் தொடமாட்டார். அவை அவருடைய நோயாளிகளுக்கு. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை சூடான ரொட்டி கிடைத்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. கை நீள ரொட்டிகள் ஐந்தையும் சட்டையின் முதுகுப் பைகளில் நெட்டுக்குத்தலாகச் செருகிக்கொண்டு, மென்றபடியே சைக்கிளில் ஏறுவார். பின்னால் வருகிறவனுக்கு அவர் தலை தெரியாது, ரொட்டிதான் தெரியும்.

"இறக்கி வெச்சிட்டுப் போங்க நர்சம்மா, மத்தியானம் நான் கார்ல கொண்டாந்து குடுத்துடறேன்" என்று கடைக்காரி வாராவாரம் சொல்வாள்.

"வெறும் முதுகோட ஓட்ட நான் என்ன டிவி ரேஸ்ல வர்ற ஆளா?" என்று அர்மேலும் வாராவாரம் கேட்பார்.

வயது ஐம்பத்தெட்டு. எடை நாற்பத்தெட்டு கிலோ. சாந்த்லூவிலும் சுற்று வட்டாரப் பண்ணை வீடுகளிலும் வீடு வீடாகப் போய் ஊசி போடுவதும் கட்டு மாற்றுவதும் தொழில். அவர் ஊசி போடும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "அந்தப் பக்கம் பாருங்க… ஆச்சு." நாம் அந்தப் பக்கம் பார்த்து முடிப்பதற்குள் பஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார். என் இடது தோளில் மூன்று முறை போட்டிருக்கிறார். ஒரு முறைகூட ஊசி இறங்கியது எனக்குத் தெரியாது. அப்படியொரு நடுங்காத கை.

அவருடைய சைக்கிள் பச்சை நிற இரும்பு. அதன் இருக்கை பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை சரியும். அதனால் ரொட்டிகளுக்கு நடுவே பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்று எப்போதும் இருக்கும். ஊராட்சிப் பணியாளர் ஃபிர்மன் கொடுத்தது அது. "ஊர்ல உள்ள அத்தனை போல்ட்டுக்கும் இது ஒண்ணு போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஞாயிறு காலை எட்டரைக்குச் சாந்த்லூ தேவாலயத்தின் முன்னாலிருந்து நாங்கள் சைக்கிள்காரர்கள் கிளம்புவோம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஏழு ஊர். என்னைப்போன்ற தொந்தி வைத்த பள்ளிக்கூட வாத்தியாரே ஓட்டுகிற சுற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை மாடுகள் நம்மைப் பார்த்துக்கொண்டே அசைபோடும். மே மாதத்தில் கடுகு வயல் கண்ணைக் கூசவைக்கும். மூட்டுவலி, மகளின் மாமியார், உரத்தின் விலை எல்லாம் பேசிக்கொண்டே போவோம். தூரத்தில் ஓர் ஊரின் பெயர்ப்பலகை, சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் தகடு, கண்ணில் பட வேண்டியதுதான், பேச்சு பாதியில் அறுந்துவிடும். ஐம்பது அறுபது வயசு ஆட்கள் பைத்தியம் பிடித்ததுபோல் எழுந்து நின்று மிதிப்பார்கள். யாருடைய சக்கரம் பலகையை முதலில் தாண்டுகிறதோ அவர் அந்த ஊருக்கு ஒரு வாரம் மேயர். பரிசு கிடையாது. காப்பிக் கடையில் "வாங்க மேயரே" என்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக நெஞ்சு வெடிக்க மிதிக்கலாம் என்பது மிதித்தவர்களுக்குத் தெரியும்.

மற்ற ஆறு ஊருக்கும் அர்மேல் மேயராக இருந்திருக்கிறார். சொந்த ஊரான சாந்த்லூவுக்கு மட்டும் ஒன்பது வருஷமாக ஒரு ஞாயிறுகூட இல்லை. அங்கே நிரந்தர மேயர் கசாப்புக்கடை ரெமி.

அந்தக் கடைசிப் பலகையின் இடம் அப்படி. ரொட்டிக்கடை இருக்கும் ஆறாவது ஊரைத் தாண்டினால் சுற்றிலேயே ஒரே மேடு. உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து சரிவு, நடுவில் பழைய துணி துவைக்கும் துறையை ஒட்டி ஒரு வளைவு, அதைத் தாண்டி அடிவாரத்தில் பலகை. மேட்டில் அர்மேலை யாராலும் பிடிக்க முடியாது. சரிவில், தொண்ணூற்றெட்டு கிலோ ரெமி உருண்டு வந்து முந்திக்கொண்டு போவார்.

"அவன் மிதிக்கிறதே இல்ல, விழறான். மூட்டையோட போட்டி போட முடியுமா?" என்பார் அர்மேல்.

நாங்களும் தலையாட்டுவோம். ஆனால் அவருக்குப் பின்னால் வருகிற எனக்கு வேறொன்று தெரியும். வளைவு வந்ததும் அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் பிரேக்குக்குப் போய்விடும். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த இடத்தில்தான் சரளையில் வழுக்கித் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அதைப்பற்றி அவர் பேசியதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

வளைவை நகர்த்த முடியாது. பலகையை நகர்த்தலாம் அல்லவா? அர்மேல் ஊராட்சி மன்ற உறுப்பினர். பலகை இருக்கும் இடத்திலிருந்துதான் ஐம்பது கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு தொடங்கும், சரிவில் கார்கள் பறக்கின்றன, ஆகவே பலகையை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு வருஷம் ஒற்றைக்காலில் நின்றார். முகத்தில் சிரிப்பு துளிகூட இல்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெமிதான் கத்தினார்: "அப்படியே அம்மணி ஏறும்போது என் டயரைப் பஞ்சர் பண்ணவும் ஒரு தீர்மானம் போட்டுடுங்க!" தீர்மானம் நிறைவேறியது. போன வெள்ளிக்கிழமை ஃபிர்மன் தண்ணீர்த் தொட்டி அருகே புதுப் பலகையை நட்டார்.

ஞாயிறு காலை அர்மேல் ஆறு பலகைகளையும் ஏறெடுத்தும் பார்க்காமல் விட்டுக்கொடுத்தார். ரொட்டிக்கடை வாசலில் நுனியைக் கிள்ளியவர் மெல்லக்கூட மறந்து கன்னத்தில் அதக்கிக்கொண்டே ஏறினார். மேடு தொடங்கியதும் ஒரு மிதி, இரண்டு மிதி, ரொட்டிகள் என் கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே போயின. நான் ஜெயிக்கப்போவதுபோல் வாய்விட்டுக் கத்தினேன்.

உச்சியில் புதுப் பலகையில் பளபளத்தது சாந்த்லூ. ரெமிக்கு முப்பது மீட்டர் முன்னால் அதைத் தாண்டிய அர்மேல் இரண்டு கைகளையும் தூக்கினார். "நான்தாண்டா மேயரு!"

"அம்மணி! கீழே பாருங்க!" என்று ரெமி மூச்சிரைப்புக்கு நடுவே கூவினார். "பழசு அங்கேயே நிக்குது!"

நின்றது. வளைவைத் தாண்டி அடிவாரத்தில், வேலிச் செடிக்கு மேலே, சிவப்புக் கரையோடு நின்றது. தன் வேலையைப் பெருமையாகப் பார்க்க வந்து வேனோரம் நின்றிருந்த ஃபிர்மன் விழித்தார். "தீர்மானத்துல நடணும்னுதானே எழுதியிருந்தீங்க? புடுங்கணும்னு எங்க இருந்துச்சு?"

அர்மேலின் கைகள் இறங்கின. அதற்குள் ரெமி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டார், நானும் எட்டிப் பிடித்துவிட்டேன். இருவரும் ஒன்றாகச் சரிவில் பாய்ந்தார்கள். நான் சரிவுக்குப் பயந்தவன். அன்று பயத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, அவர்கள் பின்னாலேயே விழுந்தடித்துப் போனேன். ரொட்டிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வளைவு வந்தது. நான் சாலையைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு விரல்களைத்தான் பார்த்தேன். அவை எழுந்தன. பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தன.

"அந்தப் பக்கம் பாரு" என்று அர்மேல் தனக்குத்தானே சொல்வது காற்றில் என் காதில் விழுந்தது. "அந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு…"

விரல்கள் திரும்பி வந்து கைப்பிடியைப் பற்றின. சைக்கிள் சாய்ந்தது. ஒரு ரொட்டி பிய்த்துக்கொண்டு பறந்து என் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. துறைச் சுவரை உரசினாற்போல் உள்பக்கமாக வந்த அர்மேல், பழைய பலகையை ரெமியைவிட அரை சக்கரம் முன்னால் தாண்டினார்.

"ஆச்சு!" என்றார்.

ரெமி சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். தோற்றவர் முகமா அது! "வாத்தியாரே, பாத்தீரா? பிரேக்கே புடிக்கல! ஒம்போது வருஷத்துல இன்னிக்குத்தான் புடிக்கல!" அவருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அவரும் மூச்சு விடவில்லை.

ஃபிர்மன் வேனை ஓட்டிக்கொண்டு பதறி இறங்கி வந்தார். "மன்னிச்சுக்குங்க அம்மா, பழச இப்பவே புடுங்கிடறேன்."

அர்மேல் நான் பொறுக்கி வந்த ரொட்டியை வாங்கிப் பார்த்தார். நுனி கிள்ளியது, அவருடையதுதான். திருப்தியோடு தூசியை ஊதிவிட்டு மறுபடி முதுகில் செருகினார். சைக்கிளைத் திருப்பி, வந்த மேட்டிலேயே ஏற ஆரம்பித்தார்.

எங்கள் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் வேனில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் புதுப் பலகையின் அடியில் மண்டியிட்டிருந்தார். ஃபிர்மன் "ஐயோ, அது ரெண்டு வருஷத் தீர்மானம்மா!" என்று வாயில் கை வைத்தார்.

"அந்தப் பக்கம் பாரு ஃபிர்மன்" என்று சொல்லிவிட்டு அர்மேல் முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, நாற்பத்தெட்டு கிலோவையும் அதன்மேல் சாய்த்தார்.