சாம்பலுக்கு உப்புப் பார்த்த ரமலான்

எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது என் வேலை. பெரியவர்கள் எல்லோருக்கும் நோன்பு. எனக்கு அந்த வயது வரவில்லை, நாக்கு சும்மாதான் இருந்தது. அந்த மழைக்கால ரமலானில் சாச்சாவும் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

சாச்சா என்றால் அத்தாவின் தம்பி. விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில் படித்தவர். சவூதி விசா வந்து பெட்டியில் கிடந்தது. ரைஸ் மில்லில் வீணாகக் கொட்டும் உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து, அது பீங்கானுக்கு மெருகு போட உதவினால், கம்பெனி முதலாளி அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஊரிலேயே இருந்துவிடலாம். புதுப்பெண்ணான சாச்சிக்கு வேறென்ன வேண்டும்?

கறுப்புச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து வடித்தால் தெளிந்த நீர் வரும். சாச்சா அதில் சொட்டுச் சொட்டாக ஆசிட் விடுவார். நீர் மெல்லக் கலங்கி, நோன்பு திறக்கச் செய்யும் கடல்பாசி இனிப்பு போல உறையும். மழை இருட்டில் அது வெள்ளையாக மினுங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அதில் தங்கிய உப்பு போகும்வரை கழுவவேண்டும். உப்பு நின்றால் மெருகு கொப்புளித்துவிடுமாம். லிட்மஸ் தாளில் சோதித்துவிட்டு, கழுவிய நீரில் ஒரு சொட்டை என் நாக்கில் வைத்துத் துப்பச் சொல்வார். நான் உப்பு இருக்குது என்றால், சாச்சி அலுக்காமல் மறுபடி கழுவுவாள்.

கழுவும் வேலையின் கடைசி நாள் மதியம் சாச்சா தொழுகைக்குப் போயிருந்தார். உப்பு இல்லை என்று சொன்னேன். சாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. தன் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். வாய் கொப்பளித்துவிட்டு, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தாள். நோன்பு நேரத்தில் தண்ணீர்! நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாருகிட்டயும் சொல்லாத புள்ள. அல்லாவுக்குத் தெரியும்," என்றாள்.

அந்தச் சிலிக்காவால் மெருகு போட்டு, சூளையிலிருந்து வந்த கிண்ணம் முழுக்கக் கொப்புளம். பெருநாள் கழிந்து சாச்சா சவூதி விமானம் பிடிக்கச் சென்னை பஸ்ஸில் ஏறினார். நோன்பை முறித்ததற்குக் கிடைத்த தண்டனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாச்சியை மன்னிக்கச் சொல்லி அழுது துஆ கேட்டேன்.

வந்த கோடையில் சாச்சிக்குப் பெண் பிறந்தது. அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று நிம்மதியானேன். மன்னிக்க அங்கே எதுவுமே இல்லை என்பதும், அன்று மதியம் அந்தப் பாத்திரத்தைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் இருந்தோம் என்பதும், நானே பிள்ளை சுமந்து நோன்பை விட்ட ரமலானில்தான் எனக்குப் புரிந்தது.